படிப்பித்தவர் இப்போது என் ரீமில் வேலை செய்கிறார், அவருடைய பிழையை அவரிடம் எப்படிச் சொல்வது?

வேலியோரம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய சொவ்ட்வெயார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எட்டுப் பேர் உள்ள ரீமுக்கு இந்த வருடம் தை மாதத்தில் இருந்து நான்தான் பொறுப்பு. வயது 29. ரீமில் ரெஸ்டிங் பார்க்கிறவர், அதாவது நாங்கள் செய்கிற அப்பை ஓட்டிப் பார்த்துப் பிழைகளை எழுதித் தருகிறவர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். அது மட்டும் என்றால் எப்படியாவது சமாளித்திருப்பேன். நான் ஏ.எல் படித்த காலத்தில் ரியூட்டரியில் எனக்கு ஐ.சி.ரி (கணினிப் பாடம்) படிப்பித்தவர் அவர். கொரோனாவோடு அந்த ரியூட்டரி மூடப்பட்டுப் போக, இந்த வயதில் புதிதாக ரெஸ்டிங் படித்துக்கொண்டு எங்கள் இடத்துக்கு வந்தார். இன்றைக்கும் நான் அவரை 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறேன், அவருக்கு நான் 'பிள்ளை'.

சிக்கல் அவர் எழுதுகிற ரிப்போட்டுகளில். 'லொகின் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதியிருப்பார். எந்தப் போனில் பார்த்தார், அப் எந்த வேர்ஷன், எதை அழுத்திய பிறகு நின்றது, திரையில் என்ன வந்தது, ஒன்றும் இருக்காது. அதைத் திருத்த வேண்டிய பெடியன் அரை நாள் தேடிவிட்டு 'எனக்கு வேலை செய்யுதே' என்று திருப்பி அனுப்புவான். அதனால் இரவு சாப்பிட்ட பிறகு நான் அவருடைய ரிப்போட்டுகளைத் திறந்து, நானே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, விடுபட்ட விபரங்களை எழுதிவிட்டுப் படுக்கிறேன். மூன்று மாதமாக இப்படித்தான். அவருக்குத் தெரியாது. மற்ற ஆறு பேருக்கும் தெரியும். மத்தியானம் அவர் கை கழுவ எழும்பினால் மேசையில் அதுதான் கதை. இரண்டு தரம் நானும் சேர்ந்து சிரித்தேன். அது இப்போது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

மார்கழியில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். உள்ளதை எழுதினால் தன் வேலையில் குறை இருக்கிறதென்று அவர் முதன்முதலாக அறிவது அந்தத் தாளில்தான். எழுதாமல் விட்டால் நான் பொய்யாகக் கையெழுத்து வைக்கிறேன். என்ன செய்வது?


தட்டிவான்:

தங்கச்சி, சுன்னாகத்தில் கராஜ் வைத்து எனக்கு 17 வருடம். நேரே சொல்லுங்கோ. சுற்றி வளைத்துக் கதைத்துக் கதைத்துத்தான் எங்கட ஆட்கள் பாதி விஷயம் விளங்காமலே வீட்டுக்குப் போகிறார்கள். வீல் நட்டை வடிவாக இறுக்காமல் விட்ட பெடியனிடம் 'தம்பி உன்ர வேலை நல்லம், ஆனால்' என்று தொடங்க ஏலாது. அந்த வான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கே.கே.எஸ் வீதியில் ஓடப் போகிறது. நான் அந்த இடத்திலேயே சத்தம் போட்டுச் சொல்வேன், எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்வேன், மற்றவனும் அந்தப் பிழையை விடாமல் இருக்கட்டும்.


மாரிமழை:

தட்டிவான் அண்ணை, நட்டு விஷயம் சரி. ஜக் வழுக்குகிற நேரம் யாரும் மெதுவாகக் கதைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் கேட்க ஏச்சு வாங்கின பெடியன் அடுத்த முறை தன் வேலையில் தனக்கே ஒரு சந்தேகம் வந்தால் உங்களிடம் வந்து கேட்பானா? நானாக இருந்தால் கேட்க மாட்டேன், மூடிவிட்டுப் போய்விடுவேன். அப்படி மூடின நட்டுத்தான் பயம்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம், அதனால் வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். நாங்கள் எழுதுகிற புரோகிராம் கோட்டைச் சீனியர் பார்த்து வரிக்கு வரி கொமெண்ட் போடுவார். எல்லாம் ஆங்கிலத்தில். 'இது பிழை.' 'ஏன் இப்படி?' 'திருத்து.' இரவு பத்தரைக்கு அறையில் தனியாக இருந்து அதை வாசித்தால் வயிற்றைப் பிசையும். அடுத்த நாள் அதே மனுசன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து 'தம்பி, இந்த இடத்தை ஒருக்கா பாரும், ரெண்டு பேர் ஒரே நேரம் வந்தா என்ன நடக்கும்?' என்று கேட்டார். அதே பிழை, அதே ஆள். எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது, திருத்தவும் ஆசை வந்தது. நாங்கள் வாயால் கதைக்கும்போது போடுகிற அந்த 'ஒருக்கா', 'பாருமன்', 'செய்யலாமோ' எதுவும் எங்கள் ஆங்கிலத்தில் வருவதில்லை. அவர் கோபத்தில் எழுதவில்லை என்று எனக்கு இப்போது தெரியும், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஏழெட்டு மாதம் போய்விட்டது.

இன்னொன்று. அவர் என்னை எப்போதும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் மீற்றிங்கில் 'நீங்கள் இதைக் கவனிக்கவில்லை' என்றார். மரியாதையான சொல்தானே என்று வெளியாள் நினைப்பான். எனக்கோ, இவர் என்னைத் தள்ளி வைத்துவிட்டார் என்று பட்டது. அன்றைக்கு அவர் சொன்ன வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை. வேலியோரம் அக்கா, 'சேர்' என்ற சொல்லை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.


செவ்வரத்தை:

ஆளணிப் பகுதியில் பதினைந்து வருடம் வேலை செய்தவள் என்ற முறையில் இதில் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

பின்னூட்டல், அதாவது ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வது, கொடுத்தால் வேலை திருந்தும் என்று எல்லோரும் நம்புகிறோம். 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்து, 23,000க்கு மேற்பட்ட அவதானிப்புகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பின்னூட்டல் வேலையை முன்னேற்றத்தான் செய்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் பின்னூட்டலுக்குப் பிறகு வேலை முந்தியதைவிடக் கெட்டிருக்கிறது. அவர்கள் கொடுத்த விளக்கம் எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும். கேட்கிறவருடைய மனம் வேலையில் நிற்கும் வரை பயன் உண்டு. 'நான் எப்படிப்பட்ட ஆள், என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்' என்று அது தன் பக்கம் திரும்பிவிட்டால் பயன் குறைந்துகொண்டே போகும். மாரிமழை எழுதிய 'நீங்கள்' கதையில் நடந்தது அதுதான், ஒரு சொல்லில் அந்தத் தம்பியின் மனம் வேலையை விட்டுத் தன்னிடம் திரும்பிவிட்டது.

இரண்டு புகழ்ச்சிக்கு நடுவில் ஒரு குறையை வைத்துக் கொடுக்கும் முறையைப் பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித் தருவார்கள். நானும் சில வருடம் அதைச் செய்தேன். இரண்டு விதமாகக் கெடும். சிலர் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தோசமாகப் போய்விடுவார்கள். மற்றவர்கள் பழகிப்போய், நான் நல்லதாக ஏதாவது சொல்லத் தொடங்கினாலே அடுத்து என்ன வரப்போகிறது என்று முகம் சுருங்குவார்கள், பிறகு மனதாரப் பாராட்டினாலும் நம்ப மாட்டார்கள். அதனால் பாராட்டை அது நடந்த அன்றே தனியாகச் சொல்லிவிடுகிறேன், குறைக்குத் துணையாக அதைக் கூட்டிப் போவதில்லை.

எனக்குக் கைகொடுத்தது மூன்று துண்டாகச் சொல்வது. எப்போது எங்கே நடந்தது, அங்கே அவர் செய்தது என்ன, அதனால் என்ன விளைந்தது. அமெரிக்காவில் சென்ரர் ஃபோர் கிரியேற்றிவ் லீடர்ஷிப் என்ற நிறுவனம் இதைப் பரப்பியது. ஆளுடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இதில் வரக்கூடாது. 'கவனக்குறைவு', 'அக்கறை இல்லை' எல்லாம் குணத்தைச் சொல்கிற சொற்கள்.

தங்கச்சி, சேரிடம் சொல்லப் போகிற முதல் இரண்டு வசனத்தை இங்கே எழுதிக் காட்டுங்கோ, பார்ப்போம்.


முற்றத்துவேம்பு:

பிள்ளைகளே, நான் சேவைக்கால ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பின் பின்வாங்கிலில் இருந்து ஆசிரியர் படிப்பிப்பதைப் பார்த்துவிட்டுக் குறிப்புச் சொல்வதுதான் என் தொழில். முதல் வருடம் தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றில் புதிதாக நியமனம் கிடைத்த ஒரு ஆசிரியையின் பாடத்தைப் பார்த்து 14 குறிப்புகள் எழுதினேன். எல்லாம் சரியான குறிப்புகள். கரும்பலகை எழுத்து, கேள்வி கேட்ட விதம், பின்வரிசைப் பிள்ளைகள், குரல், நேரம் என்று ஒன்றும் விடவில்லை. 14ஐயும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் வாசித்தேன். அடுத்த மாதம் போனபோது ஒன்றுகூட மாறவில்லை. அது மட்டுமில்லை, நான் வகுப்புக்குள் வந்ததும் அவருக்குச் சோக்கட்டி பிடித்த கை நடுங்கியது. மேசையில் அந்தக் கொப்பியும் கிடந்தது, 14ஆவது குறிப்பு வரைக்கும் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தார். மனப்பாடம் செய்திருக்கிறார், பாவம். அந்தக் கொப்பி இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஒரு தரம் போனால் ஒரு குறிப்புத்தான். 'கேள்வி கேட்ட பிறகு பிள்ளை பதில் சொல்ல மூன்று செக்கன் பொறுங்கோ.' அடுத்த முறை அதை மட்டும் பார்ப்பேன். அது வந்துவிட்டால் பிறகு மற்றது.

மார்கழிப் படிவம் பற்றியும் ஒன்று. 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு செய்தார். சிலருக்கு அவர்கள் செய்ததைப் பற்றிக் குறிப்பு மட்டும், சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு அந்தப் பயன் இல்லை, புள்ளியைக் கண்டதும் குறிப்பு வேலை செய்யவில்லை. வளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான் என்பது என் அனுபவம். சம்பள ஏற்றம் பற்றிக் கதைக்கிற அன்று வேலையைத் திருத்தும் கதையை எடுக்காதீர்கள், காதில் ஏறாது. படிவம் வர முதலே, இந்தக் கிழமையே, இருந்து கதையுங்கள்.


கந்தோர்:

எங்கள் இடம் அரச அலுவலகம். வருடா வருடம் செயலாற்றுகை மதிப்பீட்டுப் படிவம் வரும், எல்லோருக்கும் நல்லது என்று எழுதி அனுப்பப்படும். ஒருவருடைய வேலை சரியில்லை என்றால் அவரிடம் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அடுத்த இடமாற்றத்தில் அனுப்பிவிடுவார்கள். பத்து வருடம் என்னோடு இருந்த ஒருவர் தான் ஏன் மாற்றப்பட்டேன் என்று கடைசி வரை அறியாமல் போனார். நானும் சொல்லவில்லை. வேலியோரம், நீங்கள் இதைக் கேட்டு எழுதியதே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.


இரவுப்பணி:

நான் தாதி உத்தியோகத்தர். இங்கே எல்லோரும் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வதைப் பற்றியே எழுதுகிறீர்கள். வேலியோரம் தங்கச்சியின் கதை அப்படித் தெரிந்தாலும் உண்மையில் கீழிருந்து மேலே சொல்வதுதான், பதவியில் தங்கச்சி மேலே, மனதில் சேர்தான் மேலே. அதை நாங்கள் வோர்ட்டில் ஒவ்வொரு இரவும் செய்கிறோம்.

பல வருடத்துக்கு முன்னால் நடந்தது. இரவு, நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை எழுதுகிற ரிக்கற்றில் டிகொக்சின் 2.5 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. எங்களிடம் இருப்பது 0.25 குளிசை. இதயத்துக்குக் கொடுக்கிற மருந்து, கொஞ்சம் கூடினாலே உயிருக்கு ஆபத்து. எழுதினவர் வயதிலும் அனுபவத்திலும் பெரிய வைத்தியர், நான் வேலைக்கு வந்து இரண்டு வருடம். போனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. 'நீங்கள் பிழையாக எழுதிவிட்டீர்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: 'சேர், பதினோராம் கட்டில் டிகொக்சின் 2.5 எண்டு ரிக்கற்றில இருக்கு. எங்களிட்ட இருக்கிறது 0.25, அப்ப பத்துக் குளிசை வரும். நான் குடுக்கேல்லை. ஒருக்கா பாக்கிறீங்களோ?'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு எழும்பி நேரில் வந்து வெட்டித் திருத்திக் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் காலை வோர்ட் ரவுண்டில் எல்லோருக்கும் முன்னால், 'ராத்திரி மிஸி என்னைத் திருத்தினவ' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு அந்த வோர்ட்டில் ஒருவருக்கும் அவரிடம் கேட்கப் பயம் இருக்கவில்லை. சொல்கிறவருக்குத்தான் எல்லோரும் பயிற்சி கொடுக்கிறார்கள், கேட்கிறவர் அதை எப்படி வாங்குகிறார் என்பதில்தான் அடுத்த ஆள் வாய் திறப்பதா இல்லையா என்பது இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திரசிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. அதில் 19 விடயங்கள். கத்தி வைக்க முதல் அறையில் நிற்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஒரு தரம் வாய் திறந்தவர் பிறகும் திறப்பார் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் பரீட்சித்தபோது இறப்பு 1.5 வீதத்தில் இருந்து 0.8 வீதத்துக்கு இறங்கியது. பட்டியலில் வேறும் பல இருக்கின்றன, எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பலன். ஆனாலும் பேர் சொல்வதை அதில் சேர்த்தார்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.


தட்டிவான்:

இரண்டு நாளாக இதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். மாரிமழைத் தம்பி கேட்ட கேள்வி மண்டைக்குள் நிற்கிறது. என்னிடம் ஆறு வருடம் வேலை செய்த ஒருவன் போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான், நல்ல கைவேலைக்காரன். இப்போது சாவகச்சேரியில் நிற்கிறான். நேற்று அவனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். முதலில் 'ஒண்டுமில்லை அண்ணை' என்றான். திரும்பவும் கேட்க, 'அண்டைக்கு அப்பா சாவியை எடுக்க வந்து வாசலில நிண்டவர், அவருக்கு முன்னால ஏசினீங்கள்' என்றான். அப்பா நின்றது எனக்குத் தெரியவே தெரியாது. பிரேக் ஒயில் விட மறந்ததுக்கு ஏசினேன், ஏசினது நினைவிருக்கிறது.

ஆபத்து என்றால் இனியும் சத்தம் போடுவேன், அதில் மாற்றமில்லை. மற்றதைப் பின்னேரம் கடை பூட்டும்போது தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஆறு வருடத்தில் அவனுடைய வேலை நல்லது என்று ஒருநாளும் நான் சொல்லவில்லை, நேற்றுத்தான் போனில் சொன்னேன்.


வேலியோரம்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வரத்தை அக்கா கேட்ட மாதிரி எழுதிப் பார்த்தேன்:

'சேர், உங்கட ரிப்போட்டுகள் இன்னும் கொஞ்சம் வடிவா இருந்தா எல்லாருக்கும் நல்லது. பெடியளும் கஷ்டப்படுகினம்.'


செவ்வரத்தை:

இதைக் கேட்டுவிட்டு அவர் நாளைக்கு எதை மாற்றுவார்? 'வடிவா' என்றால் எழுத்துப் பிழை என்றும் நினைக்கலாம், நீளமாக எழுது என்றும் நினைக்கலாம். அதைவிட 'பெடியளும் கஷ்டப்படுகினம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கோ. எல்லோரும் தன்னைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள் என்று அதைக் கேட்ட உடனே அவருக்கு விளங்கிவிடும், பிறகு ஆர் ஆர் என்றுதான் மனம் ஓடும். ஒரு ரிப்போட்டை எடுங்கோ. நாள், இலக்கம், அதில் என்ன இல்லை, அதனால் எவ்வளவு நேரம் போனது. அவ்வளவும் போதும்.

மூன்று மாதம் நீங்கள் இரவில் எழுதி நிரப்பினதையும் சொல்ல வேண்டும். அது அவருடைய பிழை இல்லை, உங்களுடையது.


முற்றத்துவேம்பு:

எங்கே இருந்து கதைக்கப் போகிறீர்கள்? கண்ணாடி அறையாக இருந்தால் வேண்டாம், வெளியே ஆறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்னுக்கு முன் மேசை போட்டும் இருக்காதீர்கள், பக்கத்தில் இருந்து இரண்டு பேரும் ஒரே திரையைப் பாருங்கள்.


வேலியோரம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மற்றவர்கள் போன பிறகு அவருடைய மேசைக்கே போனேன். நெஞ்சு அடித்தது, மறைக்கவில்லை. 'சேர், ஒரு ரிப்போட்டை ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பமோ?' என்று கேட்டு முந்தின கிழமை வந்த ஒன்றைத் திறந்தேன். 'இதில எந்தப் போன், எந்த வேர்ஷன், எதை அழுத்தின பிறகு எண்டு இல்லை. அதால இதைக் கண்டுபிடிக்க மூண்டரை மணித்தியாலம் போனது' என்றேன். பிறகு நான் இரவில் எழுதி நிரப்பிய ஒன்றையும் திறந்து காட்டி, இதை நான்தான் எழுதினேன், மூன்று மாதமாக எழுதுகிறேன், உங்களிடம் சொல்லாமல் செய்தது என் பிழை என்று சொன்னேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'மூண்டு மாசமா ஏன் பிள்ளை சொல்லேல்லை?' என்றார். அவ்வளவுதான் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. 'சேர் எண்டபடியால்' என்றேன். 'நான் உன்ர கொப்பியில பிழை போடாமல் விட்டனானோ?' என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அவரே ஒரு தாளை எடுத்து, போன், வேர்ஷன், செய்த படி, வந்தது, வர வேண்டியது என்று ஐந்து வரி எழுதித் தன் திரைக்குக் கீழே ஒட்டினார். ரியூட்டரியில் கரும்பலகையில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. போகும்போது, உன்னிடம் ஒன்று சொல்லலாமா என்று கேட்டார். காலையில் புதிய வேர்ஷன் போட்டதும் நான் அவருக்குச் சொல்வதில்லையாம், மத்தியானம் வரைக்கும் பழையதிலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், கேட்டு எழுதினாலும் நான் இரவில்தான் பதில் போடுகிறேனாம். போய்ப் பார்த்தேன், உண்மை. ரிப்போட்டில் வேர்ஷன் எழுதாததுக்குப் பாதிக் காரணம் அவருக்கே எது ஓடுகிறதென்று தெரியாதது.

இப்போது காலையில் அவருடைய மேசைக்குப் போய் வேர்ஷன் இலக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் என் கதிரைக்குப் போகிறேன். நேற்று வந்த ஏழு ரிப்போட்டில் ஐந்து முழுமையாக இருந்தன, இரண்டில் போன் விபரம் இல்லை. அதை நேற்றே சொன்னேன், வாசலில் நின்று செருப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது. 'ஓம் ஓம், விட்டுட்டன்' என்றார்.


இரவுப்பணி:

சாப்பாட்டு மேசை?


வேலியோரம்:

அது இன்னும் முடியவில்லை அக்கா. வெள்ளிக்கிழமை ஒருவன் அவர் எழும்பியதும் தொடங்கினான். 'அதை அவரிட்டயே சொல்லும், கேப்பார்' என்றேன். மேசை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. நாளைக்கு அவனோடு தனியாகக் கதைக்க வேண்டும், என்ன சொல்வதென்று இன்றிரவு இருந்து எழுதப் போகிறேன்.